குட்டிக்கு ஒரு முழம்

எங்கள் காலனியில் பெருச்சாளி குட்டி போட்டால் நிலம் வளரும் என்பது இன்றைக்குப் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் வெளியூரிலிருந்து பெண் பார்க்கவோ துக்கம் கேட்கவோ வந்தவர்களாக இருப்பார்கள், கீழத்தெருவிலிருந்து மேலத்தெருவுக்குப் போக மினி பஸ் ஏறுங்கள் என்று சொன்னதும் அவர்களுக்கும் தெரிந்துவிடும். ஒரு காலத்தில் இந்த இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. நூல் மில் தன் தொழிலாளிகளுக்கென்று கட்டிக்கொடுத்த வீடுகள். கீழத்தெருக் கொல்லையும் மேலத்தெருக் கொல்லையும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு கிடக்கும். கொல்லை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு துவைகல், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோ, அவ்வளவுதான்; பூனை சோம்பல் முறித்தால் வால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வேலுத்தாய் வீடு, அந்தப் பக்கம் மரியபுஷ்பம் வீடு. ஒருத்தியை ஒருத்தி மதினி என்றே கூப்பிட்டுக்கொள்கிற இரண்டு பேரும் மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் எதிரெதிர் மிஷினில் நின்று, அறுந்த நூலை முடிந்து முடிந்தே தலை நரைத்தவர்கள். அங்கே மிஷின் போடுகிற சத்தத்தில் ஆள் காதுக்குள் வந்து கத்தினாலும் ஒன்றும் விளங்காது, அதனால் மில் பெண்கள் வாயை மட்டும் அசைத்து, கையையும் கண்ணையும் புருவத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சத்தமில்லாத ஒரு பேச்சுப் பேசுவார்கள். மற்றவர்களுக்கு அது 'மேஸ்திரி வாறான்', 'டீக்கு நேரமாச்சு' என்கிற அளவுக்குத்தான் வரும். இவர்கள் இரண்டு பேருக்கும் அது முழுப் பேச்சு; மாமியாரைத் திட்டுவதிலிருந்து மாதா கோயில் தேர் வரைக்கும், கத்தரிக்காய் விலையிலிருந்து செத்துப்போன புருஷன்மார் வரைக்கும் அதிலேயே பேசித் தீர்த்தார்கள், தீரவும் இல்லை.

மில்லை விட்டு நின்றபோது வேலுத்தாய்க்கு ஒரு காது மிச்சமிருந்தது. புஷ்பத்துக்கு இரண்டுமே போய்விட்டது. காது போனவர்களிடம் ஊர் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் கத்தும், பிறகு இன்னும் கத்தும், பிறகு அலுத்துப்போய்ச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன் சேவியர்கூட வந்தால் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்து, கத்திக்கொண்டே இருந்துவிட்டு, தொண்டை கட்டிப் போவான். ஆக புஷ்பத்துக்குப் பேச்சுத்துணை என்று இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு முகம், அது சுவருக்கு மேலே தெரிகிற வேலுத்தாய் முகம். இவள் தன் துவைகல்லில் ஏறி நிற்பாள், அவள் தன் துவைகல்லில் ஏறி நிற்பாள், முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வார்கள். உட்கார்ந்து பேசுகிற பேச்சு இல்லை அது, உலை கொதிக்கிற நேரத்தில் கொஞ்சம், துணி அலசுகிற நேரத்தில் கொஞ்சம், 'இந்தா வாறேன்' என்று பாதியில் போய்விட்டுத் திரும்பி வந்து மீதி.

இப்படி இருக்கும்போதுதான் ஐப்பசி மழைக்குப் பிறகு வேலுத்தாய் வீட்டுக் கொல்லையில் ஒரு பெருச்சாளி பொந்து போட்டது. சாதாரணமாக என்றால் அவள் மகன் கனிராஜ் கண்ணாடிச் சில்லையும் சிமெண்டையும் குழைத்து அடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். ஆனால் அப்போது அவன் மனைவி காளீஸ்வரி வயிற்றில் பிள்ளை இருந்தது. பெண்டாட்டி மாசமாக இருக்கையில் புருஷன்காரன் தேங்காய் உடைக்கக்கூடாது, வாசல் கால் நிறுத்தக்கூடாது, பாம்பு அடிக்கக்கூடாது, பொந்தை அடைக்கக்கூடாது என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் மீறாத சட்டம். கனிராஜ் மீறப் பார்த்தான். வேலுத்தாய் சிமெண்ட் சட்டியைக் காலால் எத்திவிட்டாள்.

"வயித்துப் பிள்ளக்காரிய வீட்டுல வச்சுக்கிட்டுப் பொந்த அடைக்கப் போறியாடா? உள்ள கெடக்கறதும் பிள்ளத்தாச்சிதான், வயித்தப் பாத்தியா, தரையில உரசுது."

"அம்மா, அது பெருச்சாளிம்மா. பாத்ரூம் குழியத் தோண்டிரும்."

"தோண்டட்டும். இவ பெத்து எந்திரிக்கட்டும், பெறகு பாப்போம். அதுவரைக்கும் ஒங்கை அந்தப் பக்கம் போச்சு, சோறு கெடையாது."

பெருச்சாளி ஒரு மாசம்கூடச் சுமப்பதில்லை. காளீஸ்வரிக்கு முந்திக்கொண்டு அது பெற்றது. வைக்கோலையும் கந்தலையும் இழுத்துப்போய் மெத்தை போட்டு, வாசலைப் பொலபொலவென்று உதிர்மண்ணால் உள்ளேயிருந்தே மூடிக்கொண்டு, பன்றிக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு பெற்றதாகக் காளீஸ்வரி சொன்னாள், அவள்தான் ஜன்னலில் காது வைத்துக் கேட்டவள். மறுநாள் காலையில் துணி காயப்போடப் போனவள், அடுப்படி ஜன்னலுக்கும் சுவர் ஆணிக்கும் கட்டியிருந்த கொடிக்கயிறு அறுந்து கிடப்பதைப் பார்த்தாள். முடிச்சுப் போட்டுக் கட்டலாம் என்றால் எட்டவில்லை. வேறு கயிறு வாங்கிவந்து கட்டினார்கள். அடுத்த ஈற்றில் அதுவும் அறுந்தது. குட்டிக்கு ஒரு முழம் என்ற கணக்கில் கொல்லை நீண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் கயிறு விற்ற கடைக்காரி தங்கமாரிதான். அவளுக்குத்தானே தெரியும், எந்த வீட்டுக்கு எத்தனை முழம் போகிறதென்று.

சாமி குத்தமோ, பேய் வேலையோ என்று நாங்கள் யாரும் பயந்ததாக நினைவில்லை. ஒண்டுக்குடித்தனம் மாதிரியான வீட்டில் மகனும் மருமகளும் அடுப்படியில் படுத்து எழும்புகிற குடும்பங்கள் நாங்கள். இடம் வருகிறது என்றால் அது எந்த வழியாக வருகிறது என்றா கேட்போம்? பிள்ளையாருக்கு வாகனம்தானே, அவர் பார்த்து அனுப்பியிருக்கிறார் என்று ஒரு சூறைத் தேங்காயோடு அந்தக் கேள்வியை முடித்துக்கொண்டோம். அதன் பிறகு எலி மருந்து விற்றவன் வேறு ஊர் பார்த்துப் போனான். எலிப்பொறி செய்கிறவன் மட்டும் கம்பியைத் தளர்த்தி, உயிரோடு வால் நசுங்காமல் பிடிக்கிற பொறி செய்ய ஆரம்பித்துப் பிழைத்துக்கொண்டான். பூனைகளையெல்லாம் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டார்கள். மாசமாக இருக்கிற பெருச்சாளி ஒரு கொல்லையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டால் அந்த வீட்டுப் பெண்கள் முகம் வாடிவிடும், 'எங்க வீட்டுக் கருவாடு பிடிக்கலையோ என்னவோ' என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள்.

வளைகாப்பு நடத்தினது யார் முதலில் என்பதில் இன்றுவரை சண்டை இருக்கிறது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் வாழையிலையில் வைத்து, பொந்து வாசலில் ஒரு குச்சியை நட்டு அதில் கண்ணாடி வளையலை அடுக்கி, சுற்றி நின்று பெண்கள் குலவை போடுவார்கள். பெருச்சாளி அந்தச் சத்தம் அடங்குகிறவரை காத்திருந்து இலையோடு உள்ளே இழுத்துக்கொண்டு போகும். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பெண் வீட்டார் ஒரு சினைப் பெருச்சாளி கொடுத்தால் தேவலை என்று மாப்பிள்ளை வீட்டார் கூசாமல் கேட்டார்கள், கொடுக்கவும் செய்தார்கள். மேலத்தெருவும் சும்மா இருக்கவில்லை, அங்கேயும் பெற்றது, அங்கேயும் நீண்டது. கொல்லையில் கத்தரி போட்டார்கள், ஆடு வளர்த்தார்கள், இளவட்டங்கள் கிரிக்கெட் ஆடினார்கள், காலனிச் சங்கத் தலைவர் அரியநாயகம் வாத்து வளர்க்கிறேன் என்று ஒரு குளமே வெட்டினார். தாலுகாவிலிருந்து அளக்க வந்தவர்கள் சங்கிலி போதாமல் திரும்பிப் போய்ப் பெரிய சங்கிலியோடு வருவதற்குள் இன்னொரு ஈற்று ஆகிவிட்டிருக்கும். தெருக்கோடிச் சந்தும் கொல்லையோடு சேர்ந்து நீண்டதால் சுற்றிப் போனாலும் அதே தூரம்தான். பக்கத்துத் தெரு பக்கத்து ஊராகிக்கொண்டு போவதை நாங்கள் வளர்ச்சி என்று சொல்லிக்கொண்டோம்.

வேலுத்தாய் மட்டும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோடு சேர்ந்து துவைகல்லும் போய்விட்டதாலும், அடுப்பை விட்டு அத்தனை தூரம் போய்ப் போய் வர முடியாததாலும் அவள் முருங்கை மரத்தடியில் முக்காலி போட்டு ஏறி நின்றாள். முதல் ஈற்றுக்குப் பிறகு புஷ்பத்தின் உதடு தெரிந்தது, ஆனால் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவதுக்குப் பிறகு உதடு போய்விட்டது, கை தெரிந்தது. கையால் 'சோறு தின்னாச்சா' கேட்கலாம், 'தூக்கம் வரல' சொல்லலாம். என் மகன் போன் போட்டானே, அவன் குரல் எனக்குக் கேட்காதே, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துப் பேசிவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாளே என்பதைக் கையால் எப்படிச் சொல்வது? பிறகு கையும் போய், தலை மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அன்றைக்கு வேலுத்தாய் முக்காலியிலிருந்து இறங்கி, சட்டியில் கருகிக்கொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டு அழுதாள்.

ஒரு தரம் சந்து வழியாகச் சுற்றிப் போயும் பார்த்தாள். முழங்கால் வலியோடு காலையில் கிளம்பினவள் உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தாள். புஷ்பம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், நாற்காலி போட்டாள், கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பேரும் விருந்தாளி மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொழுதுக்குள் திரும்ப வேண்டுமே என்று கிளம்பும்போதுதான் இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதெல்லாம் நினைவு வந்தது. விசேஷத்துக்குப் போய் வருகிற மாதிரி போய் வந்து பேசுகிற பேச்சா அது! வேலுத்தாய்க்கு வேண்டியிருந்தது கையெட்டுகிற தூரத்தில் ஒரு முகம், வேறொன்றும் இல்லை.

மறுவருசம் மார்கழி பிறந்ததும் தங்கமாரி கடையில் ஒரு சேதி வந்து இறங்கியது. புஷ்பம் இப்போதெல்லாம் வாயே அசைப்பதில்லையாம், கோயிலில்கூட உதட்டை மூடிக்கொண்டே நிற்கிறாளாம். மகன் பயந்துபோய், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் கார் பிடித்துத் திருப்பூருக்கே கூட்டிப்போகப் போகிறானாம், வீட்டையும் விட்டுவிடுவார்களாம். உப்பு வாங்கப் போன வேலுத்தாய் உப்பை மறந்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து உலக்கையை இறக்கினாள்.

பெருச்சாளியைப் பற்றி அவள் பார்த்து வைத்திருந்தது ஒன்று உண்டு. தரை அதிர்ந்தால் அது அந்த இடத்தில் குட்டி வைத்திருக்காது. கண் திறக்காத குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு இடம் மாறிவிடும். வேலுத்தாய் கொல்லை முழுக்க நடந்து நடந்து உலக்கையால் தரையைக் குத்தினாள். நெல்லும் இல்லை, கம்பும் இல்லை, வெறும் மண். காலையில் குத்தினாள், சாப்பிட்டுவிட்டுக் குத்தினாள், கை கொப்பளித்ததும் துணி சுற்றிக்கொண்டு குத்தினாள். தாய்ப் பெருச்சாளிகள் அவளை வெறித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு பக்கத்துக் கொல்லைக்குப் போயின. வெளியே தள்ளியிருந்த மண்ணையெல்லாம் அவள் கூடையில் அள்ளிப் பொந்துகளிலேயே திரும்பக் கொட்டி மிதித்தாள். பொந்து மூடியது, நிலம் குறையவில்லை. போனது போனதுதான் போல. அதோடு, இவள் விரட்டிவிட்டவை பக்கத்து வீட்டில் பெற்றதில் அந்தக் கொல்லை நீண்டு, சுவர் ஒரே சுவர்தானே, எல்லாருக்குமாகச் சேர்ந்து இன்னும் தள்ளிப் போய்விட்டது.

வேறு யாராவது என்றால் அங்கேயே உலக்கையைப் போட்டிருப்பார்கள். வேலுத்தாய் அதைத் தோளில் சாத்திக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனாள். எல்லா வீட்டிலும் சேர்ந்து ஒரே நேரத்தில் குத்தினால் பெருச்சாளி காலனியை விட்டே போய்விடும், இனிமேலாவது சுவர் நிற்கும் என்று சொன்னாள். நாங்கள் சிரித்தோம்.

"இந்தம்மாவுக்கு வெயில் பட்டுருச்சு" என்றார் அரியநாயகம். "நெலம் வளர்றத வேண்டாங்கிற பொம்பளய நான் இப்பத்தான் பாக்கேன். முதல்ல யாரு வீட்டுல வளந்துச்சு? ஒங்க வீட்டுல. ஆசை தீந்ததும் மத்தவன் வளரக்கூடாதோ?"

"நான் கேட்டா வளந்துச்சு? மருமக மாசமா இருந்தா, பொந்த விட்டு வச்சேன். ஒங்களுக்கு நெலம் வேணும்னா வச்சுக்கோங்க தலைவரே. எனக்கு எங்க மதினி மொகம் வேணும்."

"மொகம்தான வேணும்? போட்டோ எடுத்து மாட்டிக்க" என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொல்ல, கூட்டம் இன்னொரு தரம் சிரித்தது. வேலுத்தாய் சிரிப்பு அடங்குகிறவரை நின்றாள். பிறகு, "சரி, சிரிச்சாச்சுல்ல. ஒங்ககிட்ட கேட்டது என் தப்பு. சொவரு இங்க வராதுன்னா நான் அங்க போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். போகிறவளைப் பார்த்து அதற்கு மேல் யாருக்கும் சிரிக்க வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடிந்ததும் மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு பாய், ஒரு கடப்பாரை எல்லாவற்றையும் பழைய தள்ளுவண்டியில் ஏற்றினாள். கனிராஜ் குறுக்கே வந்து நின்றான். கொல்லையில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற மாதிரி ஒரு ஷெட் போட அவன் செங்கல் இறக்கி வைத்திருந்தான், அதையும் கொஞ்சம் வண்டியில் ஏற்றியிருந்தாள்.

"எங்கம்மா போற? ஊரு சிரிக்கும்மா."

"சிரிச்சு முடிச்சுட்டாங்கடா. அன்னைக்குக் கூட்டத்துலயே முடிஞ்சுருச்சு. வழிய விடு."

"அங்க என்ன இருக்கு? வெறும் பொட்டல். கால வச்சா பொந்து."

"எம்புட்டு வருசம் அந்த மிஷினுக்கு முன்னால நின்னேன்னு ஒனக்குத் தெரியாது. எதுக்க அவ மொகம் இல்லேன்னா நான் மொத வாரமே ஓடி வந்திருப்பேன், நீயும் படிச்சிருக்க மாட்ட, இந்தச் செங்கலும் வந்திருக்காது. தள்ளு."

கனிராஜ் தள்ளி நிற்கவில்லை. காளீஸ்வரிதான் கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, அவனை ஒரு கையால் ஓரமாக நகர்த்திவிட்டு, வண்டியில் ஒரு தூக்குச்சட்டியை வைத்தாள். "கஞ்சி இருக்கு அத்த. வெயிலுக்கு முன்னாடி குடிச்சிருங்க" என்றாள். வேலுத்தாய் பேரப்பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்திக்கொண்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தாள்.

அந்த நடையை எங்கள் காலனியே பின்வாசலில் நின்று பார்த்தது. அவள் கத்தரிப் பாத்தியைத் தாண்டினாள், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு விலகி நின்றார்கள், அரியநாயகத்தின் வாத்துகள் கொஞ்ச தூரம் கூடப் போய்த் திரும்பின. அதற்குப் பிறகு மனிதர் புழங்காத, நேற்று முன்தினம் பிறந்த, இன்னும் புல்கூட முளைக்காத மண் வந்தது, கால் வைத்தால் மாவு மாதிரி அமுங்கியது, வண்டிச் சக்கரம் பொந்தில் இறங்கும்போதெல்லாம் அவள் கடப்பாரையால் நெம்பி எடுத்தாள், நெம்பி எடுத்துத் தள்ளினாள், தள்ளிக்கொண்டே போனாள். சினைப் பெருச்சாளிகள் வயிறு தரையில் உரச வெளியே வந்து எட்டிப் பார்த்தன. 'உங்களை ஒன்னும் செய்யல, நீங்க பாட்டுக்குப் பெறுங்க' என்று அவற்றிடம் சொன்னாளாம். முழங்கால் வீங்கியது, உட்கார்ந்தாள், கஞ்சியைக் குடித்தாள், எழுந்தாள். எங்கள் கண்ணுக்கு அவள் ஒரு புள்ளியாகி மறைந்தபோது சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது.

சுவர் அங்கே நின்றது, அதே பாசியோடு, அதே கரித்துண்டுக் கிறுக்கலோடு. அடியில் அவள் துவைகல் கிடந்தது. ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம், தன் துவைகல்லின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். தன் கொல்லை நீண்ட நாளிலிருந்து அவளும் ஒவ்வொரு நாளும் அத்தனை தூரம் நடந்து வந்து அங்கே உட்கார்ந்துவிட்டுப் போவாளாம், மேலத்தெருவில் கிறுக்கு என்று பேர் வாங்கியிருந்தாளாம். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. வேலுத்தாய் ஒரு சின்ன மண்கட்டியை எடுத்து முதுகில் எறிந்தாள்.

புஷ்பம் எரிச்சலோடு திரும்பினாள். அந்த முகம் எப்படி மாறியது என்பதை வேலுத்தாய் எத்தனையோ தரம் எங்களுக்குச் சொல்லிக் காட்ட முயன்று முடியாமல் விட்டிருக்கிறாள். வெகுநேரம் இரண்டு பேரும் முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு அழுதார்கள். பிறகு வேலுத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாயசைத்தாள்:

'இன்னைக்கு என்ன கொழம்பு?'

'வைக்கல' என்றது புஷ்பத்தின் உதடு. 'யாருக்கு வைக்க?' அப்புறம் அது நிற்கவே இல்லை. அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது, கை பறந்தது, புருவம் பறந்தது, வேலுத்தாய் 'மெல்ல, மெல்ல' என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தாள்.

மகன் சேவியர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது அவர்கள் பாதிப் பேச்சில் இருந்தார்கள். "அம்மா! கார் நிக்குது! வா!" என்று வழக்கம்போலக் கத்தினான். புஷ்பம் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் வேலுத்தாயைப் பார்த்து, "அத்தை, நீங்களாவது சொல்லுங்க. இங்க தனியா விட்டுட்டு நான் அங்க எப்பிடி நிம்மதியா இருக்க? வாயே தொறக்க மாட்டேங்குது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது, கெட்ட பிள்ளை இல்லை அவன்.

வேலுத்தாய் அதை உதட்டால் புஷ்பத்துக்குச் சொன்னாள். புஷ்பம் பதில் சொன்னாள். அதை வேலுத்தாய் வாய்விட்டுச் சொன்னாள்: "வாறேன்னு சொல்லுதா. ஆனா நீ அவகூட ஒரு பேச்சுப் பேசிக் காட்டணுமாம். ஒன்னே ஒன்னு. கத்தக்கூடாதாம்."

சேவியர் திகைத்தான். பிறகு அம்மாவுக்கு எதிரே போய், கல்லுக்குக் கீழே மண்ணில் முட்டிபோட்டு, தொண்டையைச் செருமினான், செருமி என்ன பயன் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும், நிறுத்திவிட்டான். சத்தத்தை விட்டுவிட்டு வாயை மட்டும் திறந்து மூடினான். 'அம்மா.'

இத்தனை வருசத்தில் அவன் கத்தினதில் ஒன்றுகூட விளங்காத புஷ்பத்துக்கு அது விளங்கியது. அவன் தலையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். வேலுத்தாய் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள், அவ்வளவுதான், மதினி போகப் போகிறாள் என்று முடிவுகட்டி, தள்ளுவண்டியைத் திரும்பத் தள்ளுகிற தூரத்தை மனசுக்குள் நினைத்துக்கொண்டு நின்றாள். அவள் தோளில் ஒரு மண்கட்டி வந்து விழுந்தது.

திரும்பினாள். புஷ்பத்தின் கை அவளுக்குப் பின்னால் கிடந்த பொட்டலைக் காட்டியது. 'இம்புட்டு எடம் கெடக்கு. நமக்கு ஒரு வீடு கட்ட எடமில்லையா?'

"என்ன சொல்லுது?" என்றான் சேவியர்.

"கடப்பாரைய எடுன்னு சொல்லுதா" என்றாள் வேலுத்தாய்.

சுவரை அவர்கள் மூன்று பேரும் இடித்தார்கள். காரைத் திருப்பி அனுப்பிவிட்டு சேவியர் நாலு நாள் தங்கினான். சுவர்க் கல்லும் கனிராஜின் செங்கலுமாக, இரண்டு தெருவுக்கும் நட்டநடுவில், பாதி இந்தக் கொல்லையிலும் பாதி அந்தக் கொல்லையிலுமாக ஓர் அறை எழும்பியது. நாலாம் நாள் கனிராஜே மீதிச் செங்கலை ஏற்றிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து ஓடு வேய்ந்து கொடுத்துவிட்டுப் போனான். அறைக்குள் பெருச்சாளி பொந்து போட்டதே இல்லை; காது கேளாத ஆளைக் கூப்பிட வேண்டுமானால் தரையை ஓங்கி மிதிப்பதுதான் வழி, இவர்கள் பொழுதெல்லாம் மிதித்து மிதித்துக் கூப்பிட்டுக்கொண்டால் எந்தத் தாய் அங்கே குட்டி வைப்பாள்? காலனி இரண்டு பக்கமும் நீண்டுகொண்டே போகிறது, எங்களில் பாதிப் பேருக்கு மேலத்தெருவில் யார் இருக்கிறார்கள் யார் செத்தார்கள் என்பதே மறந்துவிட்டது. அந்த அறை மட்டும் அன்றைக்கு இருந்த அதே அகலத்தில் இருக்கிறது.

சேவியர் மாசத்துக்கு ஒரு தரம் வருகிறான். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, சத்தம் போடாமல், வாயைக் கோணல்மாணலாக அசைத்து ஒரு மணி நேரம் எதையோ சொல்லிப் பார்க்கிறான். போன தடவை அவன் கிளம்பிப் போன பிறகு, அங்கே வந்திருந்த காளீஸ்வரி ஆவல் தாங்காமல், உங்க மதினிக்கு அவர் சொன்னதெல்லாம் விளங்குச்சா என்று மாமியாரைக் கேட்டிருக்கிறாள். வேலுத்தாய் தரையை மிதித்துப் புஷ்பத்தைக் கூப்பிட்டு அதைக் கேட்டாள். புஷ்பம் முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, ரொம்ப நாளாக யாரும் கேட்டிராத தன் குரலில், கொஞ்சம் உரக்கவே சொன்னாள்:

"பாதி வெளங்குச்சு. மீதிய அடுத்த மாசம் வந்து சொல்லட்டும்."